விண்மீனின் கோணல் கீற்றுகள்: ஒரு தொலைநோக்கிப் பழுது கற்றுத்தரும் ஒளியியல்

விண்மீன் ஒன்றை வரையச் சொன்னால், ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஐந்து முனைகளோடு வரைகிறது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் பொலிவான விண்மீன்களுக்கு நான்கு முனைகள் இருக்கின்றன. 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களிலோ ஆறு பெரிய முனைகளும் இரண்டு சிறிய முனைகளும் தெரிந்தன. வானில் இருப்பவை அதே விண்மீன்கள்தாம். பிறகு முனைகளின் எண்ணிக்கை மட்டும் ஏன் மாறுகிறது?

இந்தக் கேள்வியை எந்த வகுப்பில் கேட்டாலும் மாணவர்கள் சிந்திக்கத் தொடங்கிவிடுவார்கள். விடை எளிமையானது: முனைகள் விண்மீனுக்குச் சொந்தமானவை அல்ல, படமெடுத்த கருவிக்குச் சொந்தமானவை. அப்படியானால் முனைகளைப் பார்த்தே கருவியின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியுமா? முடியும். எங்கள் பள்ளி வானியல் மன்றத் தொலைநோக்கியில் அதைச் செய்து பார்த்தோம். அந்த வரிசைமுறையையும், அதிலிருந்து வகுப்புக்கு எடுத்துச் செல்லக்கூடியவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

கருவியும் பழுதும்

எங்களிடம் இருப்பது நியூட்டன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கி. முதன்மை ஆடியின் விட்டம் 150 மி.மீ., குவியத் தூரம் 750 மி.மீ. குழாயின் அடியில் பரவளைய வடிவக் குழி ஆடி இருக்கிறது. அது குவிக்கும் ஒளியை, குழாயின் வாய்ப்பக்கத்தில் 45 பாகைச் சாய்வில் உள்ள ஒரு சிறிய சமதள ஆடி பக்கவாட்டுக்குத் திருப்புகிறது. நியூட்டன் 1668இல் செய்த தொலைநோக்கியின் அமைப்பும் இதுவே.

அந்தச் சிறிய ஆடி அந்தரத்தில் நிற்க முடியாது. அதைத் தாங்கும் நடுக்குமிழைக் குழாய்ச் சுவரோடு நான்கு மெல்லிய உலோகத் தகடுகள் கூட்டல் குறி வடிவில் பிணைக்கின்றன. தொலைநோக்கி வைத்திருப்போர் இதை ஸ்பைடர், அதாவது சிலந்தி என்பார்கள். விண்மீனின் ஒளி முதன்மை ஆடியை அடையும் முன் இந்தத் தகடுகளைக் கடந்தாக வேண்டும்.

கேமராவைப் பொருத்திப் பொலிவான ஒரு விண்மீனைப் படமெடுத்தபோது, நான்கு கீற்றுகளும் நான்கு விதமாக வந்தன. மேலும் கீழும் ஓடிய கீற்று, விண்மீனை விட்டு விலக விலக இரண்டாகப் பிரிந்தது. இடமும் வலமும் ஓடிய கீற்று தடித்துக் குட்டையாக இருந்தது. "சார், கண்ணாடி உடைஞ்சிருக்கா?" என்பதுதான் மாணவர்களின் முதல் கேள்வி. இப்படியொரு படம் வந்ததும் "கருவி கெட்டுவிட்டது" என்று முடிவுகட்டித் தொலைநோக்கியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அப்படிப் பூட்டப்படும் கருவி அந்த ஊர்க் குழந்தைகளின் கண்ணிலிருந்து சனிக்கோளின் வளையத்தையும் மறைத்துவிடுகிறது. பெரும்பாலான நேரங்களில் அந்தப் பழுதை ஒரு ஸ்கேலும் ஒரு நூலும் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

கீற்று ஏன் வருகிறது?

ஒளி ஒரு பொருளின் விளிம்பைக் கடக்கும்போது சற்றே பரவுகிறது. இதுதான் விளிம்பு விளைவு. மெல்லிய தகடு ஒன்றைக் கடக்கும் ஒளி, தகட்டின் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் குறுக்குவாக்கில் மிக அதிகமாகவும் பரவும். தடை எந்தத் திசையில் குறுகலோ அந்தத் திசையில் ஒளியின் பரவல் அகலம். ஆகவே கீற்று எப்போதும் தகட்டுக்குச் செங்குத்தாக அமையும்.

இங்கே மாணவர்கள் மனத்தில் பதிய வேண்டியவை இரண்டு.

முதலாவது: கிடையாக இருக்கும் தகடு செங்குத்துக் கீற்றைத் தரும், செங்குத்துத் தகடு கிடைக் கீற்றைத் தரும். மேல்கீழ்க் கீற்றில் பழுது என்றதும் மாணவர்களின் கை நேராக மேல்கீழ்த் தகட்டுக்குத்தான் போகும். பார்க்க வேண்டியவை இடவலத் தகடுகள்.

இரண்டாவது: ஒரே ஒரு தகடு, விண்மீனின் இரு புறமும் சமமான இரண்டு கீற்றுகளைத் தரும். இதிலிருந்து ஓர் அழகான புதிர் பிறக்கிறது. மூன்று தகடுகள் 120 பாகை இடைவெளியில் இருந்தால் ஆறு கீற்றுகள் வருகின்றன. நான்கு தகடுகள் இருந்தால் எட்டு வர வேண்டுமே, ஏன் நான்குதான் வருகின்றன? எதிரெதிர்த் தகடுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் அவற்றின் கீற்றுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. எட்டும் அங்கேதான் இருக்கின்றன. நம் கண்ணுக்கு நான்காகத் தெரிகின்றன.

ஜேம்ஸ் வெப் படங்களின் எண்கணக்கும் இப்போது புரியும். அதன் 6.5 மீட்டர் ஆடி, 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அறுகோண விளிம்புகள் ஆறு கீற்றுகளைத் தருகின்றன. இரண்டாம் ஆடியைத் தாங்கும் மூன்று கால்கள் மேலும் ஆறு தர வேண்டும். அவற்றுள் நான்கு, ஆடியின் கீற்றுகளோடு சேர்ந்துவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மீதமுள்ள இரண்டே அந்தச் சிறிய கிடைக் கீற்றுகள். தாங்கித் தகடே இல்லாத ஒளிவிலகல் தொலைநோக்கியில் இத்தகைய கீற்றுகள் வருவதில்லை.

படத்திலிருந்தே அளவெடுத்தல்

பழுதைக் கண்டுபிடிக்கக் கருவியைக் கழற்றும் முன், படத்தை அளக்க வேண்டும். நாங்கள் கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கி அளந்தோம். விண்மீனிலிருந்து 300 பிக்சல் தொலைவில், பிரிந்த இரு கீற்றுகளுக்கும் இடையே 10 பிக்சல் இருந்தது. கோணம் 10 ÷ 300, அதாவது 1/30 ரேடியன். பாகையில் சுமார் 1.9. கீற்று தகட்டுக்குச் செங்குத்து என்பதால், இடவலத் தகடுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று 1.9 பாகை கோணலாக இருக்கின்றன என்பது இதன் பொருள். கேமராவின் பிக்சல் அளவோ தொலைநோக்கியின் குவியத் தூரமோ இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

அடுத்த கேள்வி: கோணல் எப்படி வந்திருக்கும்? தகட்டின் நீளம் 65 மி.மீ. இரண்டு வாய்ப்புகளைக் கரும்பலகையில் எழுதினோம்.

அ) ஒரு தகடு மட்டும் விலகியிருந்தால், அதன் ஒரு முனை 65 ÷ 30, அதாவது சுமார் 2.2 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும்.

ஆ) நடுக்குமிழே மேலோ கீழோ நகர்ந்திருந்தால், இடத்தகடும் வலத்தகடும் கூரையின் இரு சரிவுகள்போல் ஆளுக்குப் பாதியாகச் சாய்ந்திருக்கும். அப்போது குமிழ் 1.1 மி.மீ. நகர்ந்திருந்தாலே போதும்.

அளப்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்பதை மாணவர்களிடம் வற்புறுத்தினேன். முதலில் அளந்துவிட்டுப் பிறகு காரணம் தேடினால் எந்த எண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். முன்பே சொன்ன எண் பொய்த்தால்தான் நம் கருத்து தவறு என்று நமக்குத் தெரியவரும். அறிவியல் முறை என்று பாடநூலில் நாம் நடத்துவது இதுதான்.

எஃகு ஸ்கேலால் குழாய்ச் சுவரிலிருந்து நடுக்குமிழ் வரை நான்கு புறமும் அளந்தோம். இடமும் வலமும் 65 மி.மீ. மேலே 64, கீழே 66. குமிழ் 1 மி.மீ. மேலே ஏறியிருந்தது. இரண்டாவது வாய்ப்பே சரி. இடத்தகட்டின் வெளிமுனையிலிருந்து வலத்தகட்டின் வெளிமுனைக்கு ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டியபோது, குமிழருகே தகடுகள் நூலைவிட்டு மேலே நிற்பது கண்ணுக்கே தெரிந்தது.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் ஆடி, நடுக்குமிழின் மையத்திலிருந்து ஃபோகஸருக்கு எதிர்த்திசையில் சற்றே விலகி ஒட்டப்பட்டிருக்கும். அது வேண்டுமென்றே செய்யப்படுவது, பழுதன்று. அளக்க வேண்டியது குமிழைத்தான், ஆடியை அல்ல.

குட்டைக் கீற்றின் காரணம்

இடவலக் கீற்று தடித்துக் குட்டையாக இருந்ததற்கு மேல்கீழ்த் தகடுகளைப் பார்க்க வேண்டும். தொலைநோக்கிக் குழாயைக் கிடையாக வைத்து, ஐந்து மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியில் ஜூம் செய்து குழாயின் வாயை நேர்முகமாகப் படமெடுத்தோம். சரியாக இருக்கும் தகடு, முன்னாலிருந்து பார்க்கும்போது மெல்லிய கோடாகத் தெரியும். எங்கள் படத்தில் மேல்தகடு மட்டும் பட்டையாகத் தெரிந்தது. அது தன் அச்சில் முறுக்கிக்கொண்டிருந்தது.

முறுக்கின் விளைவு எவ்வளவு? தகட்டின் தடிமன் 0.8 மி.மீ.; குழாயின் நீளவாக்கில் அதன் ஆழம் 20 மி.மீ. மூன்று பாகை முறுக்குக்கு 20 × சைன் 3° = 1.05 மி.மீ. கூடுகிறது. ஒளியின் பார்வையில் 0.8 மி.மீ. தகடு இப்போது சுமார் 1.85 மி.மீ. தகடாகிவிட்டது. இரு மடங்குக்கும் மேல்!

கீற்றின் முதன்மைப் பகுதி எவ்வளவு தூரம் நீளும் என்பதை அலைநீளம் ÷ தடிமன் என்ற கோணம் தீர்மானிக்கிறது. பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் என்று கொண்டால், 0.8 மி.மீ. தகட்டுக்கு 142 வில்விநாடி வருகிறது. 1.85 மி.மீ. தகட்டுக்கு 61 வில்விநாடிதான். தடித்த தகடு அதிக ஒளியைச் சிதறடிக்கிறது, ஆனால் அதைக் குறுகிய தூரத்துக்குள் குவித்துவிடுகிறது. மெல்லிய தகடு குறைந்த ஒளியை நீண்ட தூரத்துக்குப் பரப்புகிறது. எனவே பொலிவாகவும் குட்டையாகவும் உள்ள கீற்று, தடித்த அல்லது முறுக்கிய தகட்டின் அடையாளம். கீற்றுகளில் தெரியும் வானவில் நிறங்களுக்கும் இதே சூத்திரமே காரணம்: சிவப்பின் அலைநீளம் அதிகம், ஆகவே அது நீலத்தைவிட விலகி விழுகிறது.

இரண்டு பழுதுகளுக்கும் மூலம் ஒன்றே என்பதும் இப்போது விளங்கியது. மேல்தகட்டின் நட்டு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தது. இறுக்கும்போது தகடு திருகோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டது. குமிழும் மேலே இழுபட்டது.

சரிசெய்த முறை

1. குழாயைக் கிடையாக வைத்தோம். நிமிர்த்தி வைத்தால் கைதவறும் ஸ்பேனர் நேராக முதன்மை ஆடியின் மேல் விழும். ஆடிகளின் பரப்பை விரலால் தொடக் கூடாது.

2. மேல்நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துவது, கீழ்நட்டைக் கால் சுற்று இறுக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்தோம். எங்கள் கருவியில் இருந்தது 4 மி.மீ. திருகு, அதன் புரியிடைத் தூரம் 0.7 மி.மீ. ஒரு மி.மீ. நகர்த்த ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுத் தேவை. இதையும் மாணவர்களே கணக்கிட்டார்கள்.

3. நட்டைத் திருப்பும்போது தகடும் சேர்ந்து திரும்பாமலிருக்க, துணி சுற்றிய குறடால் தகட்டை ஒருவர் பிடித்துக்கொண்டார்.

4. நான்கு புறமும் மீண்டும் அளந்தோம். நூலைக் கட்டிப் பார்த்தோம். முன்பக்கப் படத்தை மறுபடி எடுத்து நான்கு தகடுகளும் ஒரே அளவு மெல்லிய கோடாகத் தெரிகின்றனவா என்று ஒப்பிட்டோம்.

5. குமிழ் நகர்ந்தால் இரண்டாம் ஆடியும் நகர்ந்திருக்கும். ஆகவே ஆடிகளை மறுபடி நேர்ப்படுத்தினோம். கொலிமேஷன் எனப்படும் இந்த வேலையை விட்டுவிட்டால், கீற்று நேராகும். விண்மீன் வால்மீன்போல் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியும்.

பிறகு எடுத்த படத்தில் நான்கு கீற்றுகளும் சம நீளத்தில், பிளவின்றி வந்தன. செலவு எதுவும் இல்லை.

வேறு அறிகுறிகள்

எல்லாத் தொலைநோக்கிக்கும் இதே பழுது இருக்காது. அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போக உதவும் குறிப்புகள் இவை.

கீற்றுகள் எல்லாமே இணையான இரட்டைக் கோடுகளாகத் தெரிந்தால், தகட்டைத் தொட வேண்டாம்; குவியம் சரியில்லை. கோணமாகப் பிரிவது தகட்டின் பழுது, இணையாகப் பிரிவது குவியத்தின் பழுது.

எதிரெதிர்க் கீற்றுகளுள் ஒன்று மட்டும் நீளமாகவோ பொலிவாகவோ இருந்தால், தகட்டின் தடிமனைக் குறைசொல்ல முடியாது. ஒரு தகடு இரு புறமும் சமமாகத்தானே தரும்? தகட்டின் பளபளப்பான பக்கம் ஒளியை எதிரொளிக்கிறதா, ஆடிகள் நேராக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பளபளப்புக்கு, மினுக்கமில்லாத கறுப்பு வண்ணம் பூசினால் போதும்.

நான்கு கீற்றுகளுக்கு நடுவே சிறிய கூடுதல் கீற்றுகள் தெரிந்தால், முதன்மை ஆடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் காரணமாக இருக்கலாம். ஆடியின் முன் 144 மி.மீ. உள்விட்டமுள்ள கறுப்பு அட்டை வளையம் ஒன்றை வைத்தால் அவை மறையும். இழக்கும் ஒளி எவ்வளவு? 144/150 என்பதன் வர்க்கம் 0.92. எட்டு விழுக்காடு மட்டுமே.

ஃபோகஸரின் உள்குழாய் ஒளிப்பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும், குழாயின் வாயில் ஒரு வயர் தொங்கினாலும் புதிய கீற்றோ மங்கலான ஒளித்தீற்றலோ தோன்றும்.

எந்தத் தடை எங்கே இருக்கிறது என்று நேரடியாகப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. விண்மீனைக் குவியத்திலிருந்து நன்றாக விலக்குங்கள். புள்ளி ஒரு வட்டத் தட்டாக விரியும். அதில் இரண்டாம் ஆடி, தகடுகள், கிளிப்புகள், நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் எல்லாம் நிழலாகத் தெரியும். குழாயின் வாயில் ஒரு புறம் கையை நீட்டினால் கையின் நிழலும் தெரியும். படத்தின் எந்தப் பக்கம் கருவியின் எந்தப் பக்கம் என்பதை இப்படி உறுதிசெய்துகொள்ளலாம். கேமராவை மட்டும் ஃபோகஸரில் சுழற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை: படத்தில் பழுது கீற்றுகளோடு சேர்ந்து சுழன்றால் காரணம் தொலைநோக்கியில்; கேமராவோடு ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றால் காரணம் கேமராவில்.

சோதனைக்குரிய விண்மீன் படத்தின் நடுவில் இருக்கட்டும். ஓரத்தில் உள்ள விண்மீன்கள் நல்ல கருவியிலும் சற்றுக் கோணலாகத்தான் தெரியும். சித்திரை, சுவாதி, அபிஜித், திருவாதிரை போன்ற பொலிவான விண்மீன்கள் ஏற்றவை. சூரியனை நோக்கித் தொலைநோக்கியை ஒருபோதும் திருப்பக் கூடாது. பகலில் வேலைசெய்யும்போது குழாயை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கி இல்லாத பள்ளிக்கு

தொடக்க வகுப்புகளில்: குடைத் துணி வழியாகத் தொலைவிலுள்ள தெருவிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கைச் சுற்றிக் கூட்டல் குறி தெரியும். துணியைச் சுழற்றினால் குறியும் சுழலும். துணியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் குறி நகராது. குழந்தைகளே இதைக் கண்டுபிடிக்கட்டும். 1785இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் பட்டுக் கைக்குட்டை வழியாகத் தெருவிளக்கைப் பார்த்துவிட்டு இதே ஐயத்தைக் கேட்டார். அதற்கு விடைதேடிய டேவிட் ரிட்டன்ஹவுஸ், முடிகளை நெருக்கமாக வரிசையாகக் கட்டி விளிம்பு விளைவுக் கீற்றணி ஒன்றைச் செய்தார். ஒரு கைக்குட்டையில் தொடங்கிய ஆய்வு அது.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில்: ஒரு தலைமுடியைச் சட்டத்தில் நேராக ஒட்டி, அதன்மேல் சிவப்பு லேசர் ஒளியைப் படவிடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில், முடிக்குச் செங்குத்தாக ஒளிக்கீற்று தோன்றும். மையத்திலிருந்து முதல் இருட்டுப் புள்ளி வரை அளந்து, தடிமன் = அலைநீளம் × தூரம் ÷ இடைவெளி என்று போடுங்கள். 650 நானோமீட்டர் ஒளிக்கு இடைவெளி 18.6 மி.மீ. வந்தால், முடியின் தடிமன் 0.07 மி.மீ. ஸ்கேலால் அளக்கவே முடியாத ஒன்றை ஸ்கேலால் அளந்துவிட்டோம்! லேசர் ஒளி யார் கண்ணிலும் படாதவாறு, பளபளப்பான பொருள்கள் இல்லாத இடத்தில், ஆசிரியரே அதைக் கையாள வேண்டும்.

சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கி இருந்தால்: அட்டை வளையம் ஒன்றில் தென்னை ஈர்க்குகளைக் கூட்டல் குறியாக ஒட்டி முன்லென்சின் முன் வைத்து, பொலிவான விண்மீனைப் படமெடுங்கள். கீற்றே இல்லாத கருவியில் நான்கு கீற்றுகள் முளைக்கும். மூன்று ஈர்க்குகளை மையத்தில் சேருமாறு வைத்தால் ஆறு வரும். பிறகு நான்கில் ஒன்றை வேண்டுமென்றே இரண்டு மூன்று பாகை கோணலாக்கிவிட்டு, எந்த ஈர்க்கு கோணல் என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும்படி இன்னொரு குழுவிடம் கேளுங்கள். கீற்று எந்தத் திசையில் பிளந்திருக்கிறது என்று பார்த்து, எந்த இரண்டு ஈர்க்குகள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாமல் தவிப்பார்கள். ஒவ்வோர் ஈர்க்கும் இரு புறமும் சமமாகக் கீற்றுத் தருவதால் படத்தில் அந்தத் தகவல் இல்லை. அளவீட்டால் எது தெரியும், எது தெரியாது என்பதை உணர்த்த இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

உங்கள் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ "சரியில்லை" என்று ஒதுக்கிவைத்த தொலைநோக்கி இருந்தால், ஒரு சனிக்கிழமை மாலை மாணவர்களோடு அதை வெளியே எடுத்து வாருங்கள். முதலில் ஒரு விண்மீனைப் படமெடுங்கள். பிறகு ஸ்கேலையும் நூலையும் எடுங்கள். அளப்பதற்கு முன் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.